வண்டிக்குத் தெரிந்த நாலு பேர்

ரெக்கவரி லாரியிலிருந்து இறக்கும்போதே அந்தக் கறுப்பு எஸ்யூவி பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. வைப்பர் இரண்டும் வெறியோடு கண்ணாடியைத் துடைத்தன. நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டின, தாமாகத் திறந்தன. ஹாரன் விட்டு விட்டு அலறியது. சத்தி ரோட்டில் போன டவுன் பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன.

ஷெட்டுக்குள்ளிருந்து சம்யுக்தா ஓடிப்போய் பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைக் கழற்றினாள். சட்டென்று எல்லாம் அடங்கியது.

"அப்பாடா! காது போச்சுங்க அம்மிணி" என்று சிரித்தபடி லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கினார் ஒருவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, குரலில் அப்படி ஒரு குழைவு. "என்ற பேரு சுரேந்திரன். இவன் என்ற தம்பி பூபதி. வண்டி அவனுதுதான். கோபியில இந்த மாதிரி வண்டிக்கு உங்களை உட்டா ஆளில்லைன்னு சொன்னாங்க."

தம்பி இன்னும் லாரிப் படியிலேயே நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். சம்யுக்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

"முடியுமா முடியாதான்னு மொதல்லயே கேட்டுக்கங்ண்ணா. ஸ்பானர் புடிச்சுப் பழகறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சதா?"

சம்யுக்தாவுக்குச் சுள்ளென்று ஏறியது. கார் கம்பெனி வேலையை விட்டு வந்து சொந்தமாக ஷெட் போட்ட நாளிலிருந்து இந்தப் பேச்சை எத்தனையோ வாயிலிருந்து கேட்டாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே எரிந்தது.

"உக்காருங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஹாரன் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மறுபடி இணைத்து, டேப்லெட்டை வண்டியோடு கோத்தாள். என்ஜின் பதில் சொன்னது. பிரேக் பதில் சொன்னது. ஏர்பேக், கியர், எல்லாம் ஒழுங்காகப் பெயர் கொடுத்தன. ஒன்றுதான் வாயே திறக்கவில்லை. கதவு, விளக்கு, கண்ணாடி, வைப்பர் என்று வண்டியின் உடம்பையெல்லாம் ஆளுகிற பாடி மாட்யூல். ஃபியூஸ்களைப் பார்த்தாள், நன்றாக இருந்தன. மாட்யூலுக்குப் போகும் கரண்டை அளந்தாள், குறைவில்லை.

"கரண்ட் உள்ள போகுதுங்க. பதில்தான் வரலை" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் பக்கம் மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினாள். மஞ்சள் வாசனை அடித்தது. மாட்யூலின் கனெக்டர் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம் மாதிரி செம்புக் களிம்பு. அதன் மேல் மஞ்சள் கறை.

"பூஜைத் தண்ணியா?"

சுரேந்திரன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆயுத பூஜைக்கு வண்டிக்குத் தண்ணி தெளிடான்னா, இவன் அபிசேகமே பண்ணியிருப்பானுங்க!"

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இப்படி நாலைந்து வண்டிகள் வருவது வழக்கம்தான். ஸ்டார்ட் பட்டனுக்குள் சந்தனம் போன வண்டி, கேமராவுக்குக் குங்குமம் வைத்து ரிவர்ஸில் சுவரை இடித்த வண்டி. அவளும் சிரித்துவிட்டாள்.

பூபதி சிரிக்கவில்லை. "செத்துப்போச்சில்ல? போலாம் வாங்ண்ணா."

"இருடா. மாட்யூலை மாத்தாமப் போறதுக்கா லாரி வெச்சுக் கொண்டாந்தோம்?" சுரேந்திரன் சம்யுக்தாவின் பக்கம் நெருங்கி வந்தார். குரல் இறங்கியது. "உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது. எங்க புள்ளையைக் காணோமுங்க. நறுமுகை. இவன்ற பொண்ணு. நேத்து காலேஜுக்குப் போனவ வீட்டுக்கு வரலை. கூடப் படிச்ச பையனோட போயிருக்கறா. நல்ல பையன்தான், நம்ம ஆளுக இல்லை, அவ்வளவுதான். புடிச்சிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே முன்னால நின்னு பண்ணி வெச்சிருக்க மாட்டமுங்களா? அவங்கம்மா பச்சத் தண்ணி குடிக்காமக் கெடக்கறா."

அவர் கண்கள் கலங்கின. சம்யுக்தா டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

"உறவுப் பதிவுல அவங்க பேரு இருக்குதுங்களா?"

"இருக்குது. அதை நம்பித்தான வந்திருக்கறோம்."

பிள்ளைகள் காணாமல் போவது அதிகமான ஒரு காலத்தில் வந்த சட்டம் அது. வீட்டு வண்டியின் பாடி மாட்யூல் குடும்பத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் உட்காரும் விதத்தை வைத்தே அறிந்து வைத்திருக்கும்: எடை எந்தப் பக்கம் விழுகிறது, நாடி எப்படித் துடிக்கிறது. அந்த ஆள் எந்த ஊரில் எந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும், அந்த பஸ்ஸின் மாட்யூல் வீட்டு வண்டிக்கு மட்டும் சேதி சொல்லும். மகள் கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டாள் என்று தெரிந்து அம்மாக்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த காலம் உண்டு. நல்லதற்குத்தான் வந்தது.

"அவ போன ராத்திரியே வண்டி படுத்துக்கிச்சு" என்றார் சுரேந்திரன். "எங்க நேரம்."

"புது மாட்யூல் மாட்டுனாப் போதுங்க. வண்டி நம்பரை வெச்சு உங்க குடும்பப் பதிவைத் தானா எடுத்துக்கும். ரெண்டு நிமிசத்துல எங்க இருக்காங்கன்னு காட்டிரும்."

"மாடலே நின்னு போச்சு" என்று குறுக்கே வெட்டினார் பூபதி. "இதுக்கு மாட்யூல் கோயமுத்தூர்லயே இல்லையாமா. இந்தம்மா எங்க போயி எடுக்கும்? சும்மா நேரத்தைப் போக்கிட்டு..."

"எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் சம்யுக்தா.

திம்பம் மலைப்பாதையில் மரம் விழுந்து நசுங்கிய வண்டியிலிருந்து எடுத்து வைத்தது. பின்பக்க அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து, துணியால் துடைத்து, பூபதியின் கண்ணெதிரிலேயே வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே வற்றிப்போன மாதிரி இருந்தது. தோற்றுப்போன எரிச்சல் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள்.

சுரேந்திரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பூபதியும் வேறு பக்கம் நடந்தார். சம்யுக்தா பழைய மாட்யூலைக் கழற்றி, கனெக்டரை பிரஷ்ஷால் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

கை பாதியில் நின்றது.

மஞ்சளுக்கு நடுவே பொடிப்பொடியாக வெள்ளை மின்னியது. விரலில் தொட்டுப் பார்த்தாள். உப்பு. பூஜைத் தண்ணீரில் உப்பு யார் போடுவார்கள்? டார்ச்சை மேலே அடித்தாள். டாஷ்போர்டின் அடிப்பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. கீழே கார்ப்பெட்டிலும் ஈரம் பட்ட அடையாளம் இல்லை. தண்ணீர் மேலிருந்து கசிந்து வரவில்லை. மூடியின் ஸ்க்ரூக்களைப் புரட்டிப் பார்த்தாள்; தலையில் புதுக் கீறல்கள். யாரோ மூடியைக் கழற்றி, நேராக இந்த இடத்தில் ஊற்றி, மறுபடி முடுக்கியிருக்கிறார்கள்.

நறுமுகை கிடைத்துவிடக்கூடாது என்று அந்த வீட்டில் யாரோ நினைக்கிறார்கள். அவளுடைய அம்மாவாகத்தான் இருக்கும்.

இந்த யோசனையோடே புது மாட்யூலை அதன் இடத்தில் பொருத்திவிட்டு, இன்சுலேஷன் டேப் எடுக்கப் பின்பக்கம் போனாள். பழைய டயர் அடுக்குக்கு அந்தப் புறம் சுரேந்திரனின் குரல் கேட்டது. அதே குழைவு.

"அரை மணி நேரத்துல எடம் தெரிஞ்சுரும் கண்ணு. ரெண்டு வண்டியா வந்துருங்க. பையனை அங்கயே முடிச்சுருங்க, ஊருக்குள்ள கொண்டார வேண்டாம்... புள்ளையா? புள்ளைய நம்ம தோட்டத்துக்குக் கொண்டாந்துருங்க. மருந்து வாங்கி வெச்சாச்சு. அது தானாக் குடிச்சதாட்டத்தான் இருக்கோணும். பாவம், ரொம்ப வலிக்காமப் பாத்துக்கலாம்... இல்லடா, பூபதி எதுக்கு? அவனை நான் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போயிர்றேன். சாப்டீங்களா எல்லாரும்?"

சம்யுக்தா டயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். போலீசுக்குப் போன் செய்யலாம். எந்த ஊருக்கு ஆள் அனுப்பச் சொல்வது? பெண் எங்கே இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் சொல்லப்போகிற ஒரே பொருளை அவள்தான், அவளுடைய ரோசம்தான், தூக்கிக்கொண்டு வந்து மாட்டியிருக்கிறது. கழற்றிவிட வேண்டும். உடனே.

ஓசையில்லாமல் வண்டிக்குத் திரும்பினாள். டிரைவர் கதவு திறந்திருந்தது. பூபதி தரையில் மண்டியிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டிருந்தார். விரல்களுக்கு நடுவே அவளுடைய ஸ்க்ரூடிரைவர். கனெக்டரின் ஊசிகளை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்றாள் சம்யுக்தா.

அவர் நிமிர்ந்தார். கண்ணில் அடிபட்ட மாட்டின் பார்வை.

"சத்தம் போடாதீங்க சாமி. அண்ணன் வெளிய நிக்கறாரு."

"உப்புத் தண்ணி ஊத்துனதும்..."

"நான்தானுங்க. என்ற சம்சாரம் சரண்யாவுக்குக் கூடத் தெரியாது." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அண்ணன் நேத்து பங்காளிகளையெல்லாம் கூட்டி வெச்சுப் பேசுனாரு. நானும் தலையை ஆட்டிட்டு உக்காந்திருந்தேன். ஆட்டலைன்னா என்னை வீட்டுல அடைச்சு வெச்சுட்டு அவரே வண்டியை எடுத்துட்டுப் போயிருவாரு."

"பின்ன எதுக்கு என்னை வந்ததுல இருந்து அந்தத் திட்டுத் திட்டுனீங்க?"

"நீங்க கோவிச்சுக்கிட்டு, வேற எடம் பாருங்கன்னு தொரத்தி உட்ருவீங்கன்னு நெனைச்சனுங்க. நீங்க என்னடான்னா ரோசப்பட்டு எங்கிருந்தோ மாட்யூலைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"உடைக்காதீங்க. இதை உடைச்சா வேற எங்கயாவது ஒண்ணைப் புடிச்சு மாட்டிருவாரு. வண்டி நம்பர் இருக்கற வரைக்கும் எந்த மாட்யூலும் அவங்களைத் தேடும். ஒரே வழிதான் இருக்குது. உறவு நீக்கம். குடும்பத் தலைவர் நீங்க. நீங்க அவங்களைப் பதிவுல இருந்து எடுத்துட்டா, அவங்க உங்க வண்டிக்கு யாரோ. அப்பறம் எந்த பஸ்ஸும் காட்டிக் குடுக்காது."

"பொறவு சேத்துக்கலாங்களா?"

"அவங்களே நேர்ல வந்து இந்த வண்டியில உக்காரோணும்."

பூபதி தரையைப் பார்த்தார். "அப்பறம் அவ எங்க இருக்கறான்னு எனக்கும் தெரியாது."

"தெரியாதுங்க."

"சரிங்க. பண்ணிருங்க" என்று எழுந்தார்.

"இன்னொண்ணு இருக்குது. நீங்க மனசார நீக்கறீங்களான்னு அது நாடி பாக்கும்." மருமகளை நீக்கச் சொல்லி மகன்களை மிரட்டிய வீடுகளால் வந்த விதி அது. பயந்துபோய்ச் சொன்னால் வண்டி ஏற்காது. "ரெண்டு தடவைதான் கேக்கும். ரெண்டும் தப்புன்னா ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கும். பேரும் அப்படியே இருக்கும், எடமும் காட்டிட்டே இருக்கும்."

நெம்பிய ஊசிகளை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்கி, கனெக்டரை அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதுங்களா அம்மிணி?"

"கடைசி வேலைங்க" என்றாள் சம்யுக்தா. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "ஓனரும் மெக்கானிக்கும் மட்டும் உள்ள உக்காந்து கதவைச் சாத்தோணும். மூணாவது ஆள் இருந்தா அது எடுத்துக்காது."

அது உண்மைதான். சுரேந்திரன் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு கையை ஊன்றி, குனிந்து உள்ளே பார்த்தபடி நின்றார்.

கதவுகள் மூடின. ரோட்டின் இரைச்சல் நின்றது. சம்யுக்தா டேப்லெட்டை மடியில் சாய்த்துப் பிடித்தாள். மாட்யூல் உயிர் பெற்று, பதிவை இழுத்தது. நான்கு பெயர்கள் வந்தன: பூபதி, சரண்யா, மகன் அதியன், நறுமுகை. நாலாவது பெயருக்கு எதிரே உடனே ஒரு பச்சைப் புள்ளி துடிக்கத் தொடங்கியது. இடம் எழுத்து எழுத்தாக விரிந்தது. அவள் திரையைத் தன் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டு, உறவு நீக்கத்தைத் தொட்டாள்.

வண்டி பேசியது. நிதானமான, யாருக்கும் சொந்தமில்லாத குரல்.

"நறுமுகை உங்கள் குடும்பத்தில் இல்லை என்பதை முழு வாக்கியமாகச் சொல்லவும்."

பூபதி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "நறுமுகை..." என்றார். "நறுமுகை என் குடும்பத்துல இல்லை."

"மனம் நிலையாக இல்லை. ஏற்க இயலாது. இன்னும் ஒரு வாய்ப்பு."

திரையில் அவருடைய நாடி காட்டுக்குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சுரேந்திரன் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினார். என்ன, என்று புருவத்தால் கேட்டார். பூபதியின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"முடியாதுங்க" என்றார் உதடு அசையாமல். "நான் தூக்கி வளத்த புள்ளைங்க. இல்லைன்னு சொல்ல நெஞ்சு எப்படிங்க அடங்கும்?"

மூச்சை இழுத்து விடச் சொல்லலாம். சாமியை நினைக்கச் சொல்லலாம். அதெல்லாம் உதவாது என்று அவளுக்குத் தெரிந்தது. டேப்லெட்டை மெதுவாக, கண்ணாடிப் பக்கம் தெரியாதபடி, அவர் பக்கம் சாய்த்தாள்.

"இதைப் பாருங்க. உங்க பொண்ணோட நாடி. இந்த நிமிசம்."

பச்சைக் கோடு ஒன்று ஏறி, இறங்கி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கீழே எழுத்து: திண்டுக்கல் தாண்டி, தெற்கே, விரைவுப் பேருந்து.

"இவ்வளவு மெதுவா இருக்குதே. என்னவாவது..."

"தூங்கறாங்க."

"பஸ்லயா?" அவர் நம்பவில்லை. "பஸ்ல அவ தூங்க மாட்டாளுங்க. ஏறுனதுல இருந்து எறங்கற வரைக்கும் வாந்தி வருமோன்னு பயந்துட்டே இருப்பா. சத்தியமங்கலம் போறதுக்குள்ள பத்துத் தடவை தண்ணி கேப்பா."

"நல்லாத் தூங்கறாங்க. எந்தப் பயமும் இல்லாதவங்களுக்குத்தான் நாடி இப்படி இருக்கும். நான் தினமும் பாக்கறனுங்க."

பூபதி அந்தக் கோட்டையே பார்த்தார். ஏறியது, இறங்கியது. வெளியே மறுபடி கண்ணாடியைத் தட்டும் சத்தம். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த விரல்கள் ஒன்றொன்றாகத் தளர்ந்தன. தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் போல அவருடைய மூச்சு மெல்ல, அந்தக் கோட்டின் போக்கிலேயே போய்ச் சேர்ந்தது. குழந்தையை எழுப்பிவிடாத குரலில் சொன்னார்.

"நறுமுகை என் குடும்பத்துல இல்லை."

ஒரு கணம். இன்னொரு கணம்.

"ஏற்கப்பட்டது."

பச்சைப் புள்ளி அணைந்தது. மூன்று பெயர்கள் மிஞ்சின.

சுரேந்திரன் கதவைப் பிடுங்கித் திறந்தார். "எங்கடா இருக்கறா?"

பூபதி இறங்கினார். ஷெட்டின் மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார். பக்கெட்டை முக்கியெடுத்து, போட்ட சட்டையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டார். இன்னொரு பக்கெட்.

"என்னடா பண்றே? பைத்தியமா உனக்கு?"

"தலை முழுகிட்டனுங்ண்ணா. பதிவுலயும் அவ பேரை எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா?" முதல் தடவையாகச் சுரேந்திரனின் குரலில் இருந்த சர்க்கரை உதிர்ந்தது. "எடத்தைப் பாக்காம எதுக்குடா எடுத்தே? உன்னை யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்கதானுங்ண்ணா." தண்ணீர் சொட்டச் சொட்டப் பூபதி திரும்பி நின்றார். "நேத்து பங்காளிக அத்தனை பேருக்கும் நடுவுல சொன்னீங்க. அவ செத்துட்டான்னு நெனைச்சுக்கடான்னீங்க. எல்லாரும் சரின்னாங்க. செத்தவ பேரு எதுக்குங்க என்ற வண்டியில?"

சுரேந்திரன் தம்பியை நெருங்கி வந்தார். தான் சொன்னதை இல்லை என்று சொல்ல முடியாது. தம்பியின் முகத்தில் கள்ளம் தேடினார். நனைந்த முகத்தில் எது தண்ணீர், எது வேறு என்று கண்டுபிடிக்க வழியில்லை. சம்யுக்தாவின் பக்கம் திரும்பினார்.

"திரும்பப் போடுங்க அம்மிணி."

"அந்தப் பொண்ணே வந்து உக்காந்தாத்தானுங்க முடியும்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் பல நாள் தன் கனவில் வரும் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு போனைக் காதில் வைத்தபடி ரோட்டுக்கு இறங்கி, வந்த ஆட்டோ ஒன்றை மறித்து ஏறிப் போய்விட்டார்.

சம்யுக்தா மீதி வேலையைச் செய்தாள். ஒவ்வொரு கதவாகப் பூட்டித் திறந்து பார்த்தாள். கண்ணாடி ஏறியது, இறங்கியது. விளக்குகள் சொன்ன பேச்சைக் கேட்டன. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

பூபதி ஏறி உட்கார்ந்தார். சீட் அவரை அடையாளம் கண்டு முன்னே நகர்ந்தது. கிளப்பவில்லை. முன்கண்ணாடி வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"அவ எதுல சாஞ்சு தூங்குனா? ஜன்னல்லயா?"

அந்தத் திரை அழிந்துவிட்டது. ஆனால் நாடிக்குப் பக்கத்தில் இருந்த எடைக் கோட்டையும் அவள் பார்த்திருந்தாள்.

"ஜன்னல்ல இல்லைங்க. ஜன்னல்ல சாஞ்சா எடை வெளிப்பக்கமாத்தான் போகும். இது பக்கத்துச் சீட்டுல ஏறியிருந்துச்சு."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பக்கத்துச் சீட்டுல இருந்த ஆளு..."

"ரொம்ப நேரமா அசையவே இல்லைங்க. பஸ் திரும்பறப்பக் கூட, குழியில எறங்கறப்பக் கூட."

பூபதி மெல்லத் தலையாட்டினார். சாவியே இல்லாத வண்டியை விரல் தொட்டுக் கிளப்பினார்.

"கை மரத்துப் போயிருக்கும் பையனுக்கு" என்றார்.